நெற்றியில் நாலு கால்

ஜூலை 9

இன்று அகழாய்வில் மண்ணிலிருந்து வந்த காசுகள் எல்லாம் வழுவழு. பெயர் இல்லை, முகம் இல்லை. மத்தியானத்துக்குள் அத்தனையும் எந்த மன்னருடையது என்று சொல்லிவிட்டேன். கிரீடத்தின் நாடா எப்படி முடிந்திருக்கிறது, பின்பக்கம் நிற்பவள் எந்தக் கையில் மாலை பிடித்திருக்கிறாள் — எனக்கு அது போதும். கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

சமையல் பார்க்கும் தோந்தூவுக்கு மட்டும் மதிப்பில்லை. "சாப்பிடற மேஜைல இந்தப் பாசி பிடிச்ச சனியன கொட்டாதீங்கம்மா!"

ஜூலை 12

அங்காராவிலிருந்து பதிப்பாளர் பேசினார். இந்த மாதக் கடைசியில் என் புத்தகம் அச்சுக்குப் போகிறது. ஆறாம் நூற்றாண்டில், பைசாந்திய மன்னர் ஜஸ்டினியன் காலத்துக் கொள்ளைநோயோடு இந்த ஊர் வெறிச்சோடிப் போனது என்பதுதான் கடைசி அத்தியாயம். இங்கே கிடைத்த காசுகள் எல்லாம் அவரோடு நின்றுவிடுகின்றன. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஜூலை 17

தோண்டிய பழைய வீட்டின் ரொட்டி அடுப்புச் சாம்பலில் ஒரு செப்புக்காசு. பக்கத்தில் உடைந்த ஜாடி. ஜாடியைப் பார்த்ததும் சஃபெத் குதித்தான். பானை ஓடுகளைப் பார்த்துக் காலம் சொல்கிறவன்; வருடக்கணக்காக என்னோடு சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்கிறவன்.

"அக்கா, இது ஹெராக்ளியஸ் மன்னர் காலத்து ஜாடி. உங்க கொள்ளைநோய்க்கு எண்பது வருஷம் கழிச்சு. கடைசி அத்தியாயம் காலி."

"காசுல வருஷமே எழுதியிருக்கும் தம்பி. பொறு."

கழுவினேன். ஓரத்தில் ஆட்சி ஆண்டு பன்னிரண்டு. மறுபக்கம் தலைக்கவசம், வட்ட முகம், மார்பளவு உருவம். ஜஸ்டினியனேதான். எடை பாதிதான் இருக்கிறது — தேய்ந்திருக்கும். ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது.

"அப்ப என் ஜாடி பொய் சொல்லுதா?"

"ஜாடி எங்க சொல்லிச்சு? நீதான் சொல்ற."

ஜூலை 18

சஃபெத் சாப்பிட வரவில்லை.

ஜூலை 20

அவன் வாயை அடைக்க அந்தக் காசையே புத்தகத்தில் சேர்க்க நினைத்தேன். சாய்வெயிலில் பிடித்து வரைய உட்கார்ந்தேன். மன்னரின் நெற்றியில் ஏதோ கோடுகள். கால்கள். எண்ணினேன் — நாலு.

காசைத் தலைகீழாகத் திருப்பினேன். இரண்டு பேர் நிற்கிறார்கள். நீளத் தாடிக்காரர், பக்கத்தில் மகன். ஹெராக்ளியஸ்.

உருக்கி வார்க்க நேரமில்லாமல் அவருடைய ஆட்கள் பழைய காசை வெட்டி, அதன்மேலேயே புது அச்சை அடித்திருக்கிறார்கள். நான் படித்தது அடியில் கிடந்த பழைய காசை! வருடா வருடம் நீயே பிள்ளைகளுக்கு நடத்துற பாடம்டி இது, மூஜ்கான். கண்ணுல படலையா, பாக்க மனசில்லையா? மனசில்லதான். பத்து வருஷ உழைப்பாச்சே.

ஜூலை 21

காலையில் முதல் வேலையாகக் காசையும் பூதக்கண்ணாடியையும் சஃபெத்திடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். அவன் எதிரிலேயே பதிப்பாளருக்குப் போன் போட்டேன்.

"அச்ச நிறுத்துங்க."

"விளையாடறீங்களா மேடம்? அட்டைகூட ரெடி."

"ஊரு இன்னும் சாகல. நான் என்ன பண்ணட்டும்?"

மனிதர் கத்தித் தீர்த்தார். போனை வைத்தபிறகு சஃபெத் சொன்னது இவ்வளவுதான்: "டீ ஆறுது, குடிங்க அக்கா."

ஜூலை 24

பழைய பெட்டிகளைத் திறந்து எல்லாக் காசையும் மறுபடி பார்க்கிறேன். பாதி எடையுள்ளவற்றை முதலில். இன்னும் இரண்டு சிக்கிவிட்டன! ஒருவர்மேல் ஒருவர் ஏறி நிற்கும் மன்னர்களை இனி என் கண்ணிலிருந்து யாரும் ஒளிக்க முடியாது.

ஆகஸ்ட் 3

புத்தகம் அடுத்த வருடம்தான். ஜாடிகளைப் பற்றிய பகுதியை சஃபெத் எழுதுகிறான். அட்டையில் அவன் பெயர் முன்னால் வர வேண்டுமாம். அது நடக்காது.

அடுப்பை இன்று முழுக்கத் திறந்தோம். அடித்தளம் விரிசல் விட்டபோதெல்லாம் யாரோ மண் குழைத்துப் பூசியிருக்கிறார்கள், பூச்சின்மேல் பூச்சாக. இவர்களைத்தான் நான் ஒரே வரியில் ஊரைவிட்டுத் துரத்தியிருந்தேன். புது அத்தியாயத்தைத் தொடங்கிவிட்டேன்: "கொள்ளைநோய்க்குப் பிறகும் இந்த வீட்டில் ரொட்டி சுட்டார்கள்."