அம்மாவின் கை தெளிவாக விழுந்த படம்

நாமக்கல்,
ஈசுவர வருஷம், மாசி மாதம் 12-ந் தேதி

சௌபாக்கியவதி சௌந்திரத்துக்கு அப்பன் அநேக ஆசீர்வாதம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க நாமகிரித் தாயார் துணை. இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்றுதான் இரண்டு வருஷமாக உனக்கு எழுதிவந்தேன், இந்தத் தடவை அப்படி ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. உன் தை மாதக் கடிதத்தில், ஊருக்கெல்லாம் படம் பிடிக்கிற அப்பா பெற்றவளின் படம் ஒன்று அனுப்பக் கூடாதா, கப்பல் ஏறுகிற அன்றைக்கு நான் கோபத்தில் பேசின பேச்சை அம்மா இன்னும் மனதில் வைத்துக்கொண்டு படத்துக்கு உட்கார மாட்டேன் என்கிறாளா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த பிறகு மறைப்பது பாவம் என்று தோன்றிவிட்டது.

அம்மாவுக்கு உன்மேல் கோபம் எதுவும் இல்லை சாமி. அவளுக்குக் கை நடுங்குகிறது. முதலில் வலது கட்டைவிரல் மட்டும் தானாக ஆடியது, ஏதோ குளிர் என்று இருந்தோம், இப்போது இரண்டு கையும் ஆடுகிறது, சில வேளை மோவாயும் சேர்ந்து ஆடுகிறது. சேலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். டாக்டர் பொறுமையாகப் பார்த்து, இது நரம்பு சம்பந்தப்பட்டது, உயிருக்கு இப்போது பயமில்லை, ஆனால் முழுக்கக் குணமாகாது, வருஷம் போகப் போக நடையும் தளரும் என்று சொன்னார். திரும்பி வருகிறபோது பஸ்ஸிலேயே அம்மா என்னிடம், "தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கற புள்ளைக்கு இதையெல்லாம் எழுதாதீங்க, அவ சோறு தண்ணி இல்லாம அழுதுட்டுக் கெடப்பா" என்று சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கையெழுத்துக் கோணுகிறது என்றுதான் அவள் கடிதத்தின் அடியில் இரண்டு வரி எழுதுவதையும் நிறுத்தினாள்.

படம் பிடிக்காமல் இல்லை. ஐப்பசியில் ஐந்து கண்ணாடிப் பிளேட் போட்டேன். நம் கடையில் நடப்பது உனக்குத் தெரியும், நாற்காலியில் உட்காரவைத்து, தலைக்குப் பின்னால் இரும்புக் கவையை முட்டுக்கொடுத்து, அசையாதீர்கள் என்று சொல்லி, லென்ஸ் மூடியைத் திறந்து இரண்டு எண்ணி மூடுவேன். அம்மாவும் கூறைப்புடவை உடுத்தி, மடியில் கைவைத்து உட்கார்ந்தாள். முகம் வரும், மூக்குத்தி வரும், கை இருக்கிற இடத்தில் புகை மூட்டம் போல இருக்கும். அசையாதே அசையாதே என்று நான் சொல்லச் சொல்ல நடுக்கம் கூடிற்று. ஐந்தாவது பிளேட்டில் எனக்குப் பொறுமை போய், சின்னப் பிள்ளைகள்கூட உட்காருகிறார்கள், உனக்கென்ன என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள், "என்ர கை என்ர பேச்சைக் கேக்கலீங்க, நான் என்னங்க பண்ணட்டும்" என்று மட்டும் சொல்லி எழுந்து உள்ளே போனாள். அதற்கப்புறம் ஒன்றரை மாதம் அவள் கடைப்பக்கம் வரவே இல்லை. நான் பேசினது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

பிறகு மார்கழியில் ஒருநாள் மத்தியானம் கழுவின பிளேட்டுகளை மரச்சட்டத்தில் வரிசையாகக் காயவைத்துவிட்டு நான் பின்பக்கம் போயிருந்தேன். ஏதோ கேட்க வந்த அம்மா பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாள். சட்டம் மேஜை விளிம்பிலிருந்து சரிந்தது. நான் வாசலில் வந்து நின்று ஐயோ என்கிறேன், அதற்குள் அவள் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். பன்னிரண்டு கண்ணாடியும் உடையாமல் இருந்தன. நான் ஓடிப்போய் வாங்குகிறவரை தூக்கிப் பிடித்தபடி நின்றாள், அப்போதுதான் பார்த்தேன், கையில் கொஞ்சமும் நடுக்கம் இல்லை. சட்டத்தை வாங்கிக்கொண்டதும் கை கீழே தொங்கி மறுபடி ஆட ஆரம்பித்தது. அன்றிலிருந்து கவனித்தேன். சும்மா இருக்கிறபோதுதான் அந்தக் கை ஆடுகிறது, ஒரு வேலைக்கென்று போனால் அடங்குகிறது. இத்தனை நாள் நான் அவளை அசையாமல் இருக்கச் சொன்னதே தப்பு, அசைகிறபோதுதான் அவளைப் பிடிக்கவேண்டும் என்று அப்போது புரிந்தது.

ஆனால் நம் பெரிய காமிராவுக்கு அது ஆகாது. சேலத்தில் பிளேட் விற்கிற கரீம் பாஷாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தம்முடைய கைக்காமிராவையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு விநாடியை இருநூறு பங்காக்கி ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடுகிற ஷட்டர் இருக்கிறது. "அண்ணே, இவ்வளவு சீக்கிரம் மூடினா வெளிச்சம் பத்தாது. நல்ல வெயில்ல வெச்சுப் பிடிங்க, லென்ஸை முழுக்கத் தெறந்துக்குங்க, ஆனா முழுக்கத் தெறந்தா ஒரு சாண் முன்ன பின்ன போனாலும் கலங்கிடும், இடத்தை அளந்துக்குங்க" என்றார். இருபத்திரண்டு வருஷம் தொழில் செய்தவன் நான், புதுசாகக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி கேட்டுக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொல்லைப்புறத்தில் ஏற்பாடு செய்தேன். அம்மாவைச் சோளம் புடைக்கச் சொன்னேன். அவள் நிற்கவேண்டிய இடத்தில் ஒரு செங்கல்லைப் போட்டு, அதற்கு நேராக லென்ஸைத் திருப்பி வைத்து, காமிரா ஆடாமல் முக்காலியின் கால்களை மண்ணில் அழுத்தி, நிழல் விழுகிற பக்கம் வெளிச்சம் திருப்பி அடிக்க வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டினேன். முதல் பிளேட் உடனே கழுவிப் பார்த்தபோது இருட்டாக வந்தது, லென்ஸை முழுக்கத் திறக்க மறந்திருக்கிறேன். இரண்டாவதில் முறம் கீழே இறங்குகிற வேகத்தில் கலங்கிவிட்டது. அதன்பிறகு காமிராவைத் தொடாமல் கொஞ்ச நேரம் அவள் புடைப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். முறம் மேலே போய், இறங்குவதற்கு முன் கண் இமைக்கிற அளவு நிற்கிறது. அந்த இடம் பிடிபட்டதும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே மூன்றாவது பிளேட்டைப் போட்டுக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி உமியெல்லாம் என் தலையில் கொட்ட, அம்மா சிரித்துவிட்டாள், முறம் மேலே நின்ற அந்த இடத்தில் தட்டினேன்.

அந்தப் படம்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். பறக்கிற உமி மட்டும் கொஞ்சம் கலங்கல், மேலே எழும்பின சோளம் மணிமணியாகத் தெரியும், அம்மாவின் கையில் நரம்பும் வளையலும் தெரியும், சிரிப்பில் மேல்வரிசையில் விழுந்த பல்லின் சந்தும் தெரியும். ஈரம் காய்ந்ததும் அவளிடம் கொடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். "இது என்ர கைதானுங்களா" என்று கேட்டாள். படத்தை என்னிடம் நீட்டி, "இதை அவளுக்கு அனுப்பீருங்க, கையைப் பத்தியும் எழுதீருங்க, எனக்குக் கோவம்னு அவ நெனச்சுட்டு இருக்கறதுக்கு இது தெரிஞ்சா பரவாயில்லை" என்றாள். சத்தியத்திலிருந்து அவளே என்னை விடுவித்தாள்.

மற்றபடி வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று எழுது, மிளகு தட்டிப் பாலில் போட்டுக் கொடு. குழந்தைக்கு மொட்டை அடிப்பதை அவசரப்பட்டு அங்கே முடித்துவிடாதே. அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறபோது ஐயோ பாவம் என்று எழுதாதே, உன் வீடு, உன் சமையல், குழந்தை என்ன பேசுகிறது, அதையெல்லாம் நிறைய எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக இருக்கவேண்டும்.

ஒன்று மட்டும் நினைவில் வை. உன்னைக் கூப்பிட்டு எழுத வேண்டாம், புள்ளைக்குச் சிரமம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இந்த வரியை அவளுக்கு நான் வாசித்துக் காட்டப்போவதில்லை. அவள் நடந்து வாசலுக்கு வந்து உன்னைக் கூப்பிடக் கூடிய காலத்திலேயே குழந்தையோடு கப்பல் ஏறி வா சாமி. நாகப்பட்டினத்துக்கு நான் வந்து நிற்கிறேன்.

உன் அப்பன்,
அர்த்தநாரி