சொந்தக்காரர் இல்லாத நாடு

பெட்டியைத் திறந்ததும் வறுத்த மிளகாய்த்தூள் வாசம்தான் முதலில் எழுந்தது. எத்தனை தரம் துடைத்தும் போகவில்லை. இருபது வருடமாகப் பாரிசுக்கும் ஜெர்மனிக்கும் சுவிசுக்கும் தூள் சுமந்த பெட்டி இது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக என் உடுப்பை மட்டும் வைக்கப் போகிறேன். அல்லது வைக்காமலே மூடிவிடுவேனோ தெரியவில்லை. பாரிசிலிருந்து மச்சாள், தம்பியின் மனைவி, காலையில் போன் எடுத்தாள். வருகிற சனிக்கிழமை அவர்களின் புது வீட்டில் குடிபூரல், பால் காய்ச்சுகிறார்களாம். பின்னேரம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதே சனிக்கிழமைதான் எனக்கு லிஸ்பனுக்கு விமான ரிக்கற். களைப்பாக இருக்கிறது. கட்டில் ஓரத்தில் இருந்து உமக்கு இதை எழுதுகிறேன்.

முதியோர் இல்லச் சமையலறையில் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிழங்கு சீவுவோம். நீர் கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ்ஸில் வருவீர், நான் மோர்டனிலிருந்து. விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பும் போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பீர்.

"சுவிசில என்ன பாத்தனீர்?"

நான் யோசிப்பேன். காலையில் பெரியம்மா வீடு, மத்தியானம் சித்தப்பா வீடு, இரவு அவருடைய சம்பந்தி வீடு. இடையில் கார் கண்ணாடிக்குள்ளால் ஒரு மலை தெரிந்தது. அடுத்த வீட்டில் இடியப்பம் ஆறுகிறது என்று போன் வந்ததால் நிறுத்தவில்லை.

"நீர் ஐரோப்பாவில பாத்தது முழுக்க சோபா செற்றுதான்," என்பீர். முதலில் கோபம் வரும். வீட்டுக்கு வந்து நினைத்தால் சிரிப்பு வரும்.

அப்படித்தான் போர்த்துக்கல் எங்கள் பேச்சுக்குள் வந்தது. இரண்டு பேருக்கும் சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத நாடு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர். நோர்வேயில் உமது அண்ணை. டென்மார்க்கில் என் மச்சான். இத்தாலியில் உமக்கு ஒன்றுவிட்ட தங்கை. தேடிப் பார்த்ததில் லிஸ்பன் மிஞ்சியது. தேத்தண்ணி இடைவேளைகளில் திட்டம் போட்டோம். போட்டது நீர், தலையாட்டியது நான்.

"பாஸ்போட் முடியிற திகதியை மட்டும் பாக்காதையும், தந்த திகதியையும் பாரும். பத்து வருஷத்துக்கு மேல எண்டால் பிளேனில ஏத்தமாட்டாங்கள்," என்றீர். நான் எடுத்துப் பார்த்தேன், பயணத்துக்கு முன்னமே பத்து வருஷம் முடிய இருந்தது. நீர் சொல்லாவிட்டால் நான் விமான நிலையத்தோடு வீடு திரும்பியிருப்பேன். ஓகஸ்ட்டில் வெயிலும் சனமும் தாங்காது, மே மாதம்தான் சரி என்றீர். அந்த ஊர் முழுக்க ஏற்றமும் வழுக்குகிற கல்லும் என்பதால், தங்குமிடம் மெட்ரோவுக்குக் கிட்டவாக, பள்ளத்தில் இருக்க வேண்டும். சப்பாத்து காலுக்குப் பழகியதாக இருக்க வேண்டும். மருந்துக் குளிசைகள் பெரிய பெட்டிக்குள் போகக்கூடாது, கைப்பையில்தான். பயணக் காப்புறுதி எடுக்கும்போது என் பிரஷரையும் சுகரையும் ஒளிக்காமல் சொல்ல வைத்தீர். "எங்கட சனம் வருத்தத்தை ஒளிச்சுப்போட்டுப் பிறகு காப்புறுதிக்காரரைத் திட்டும்."

நான்கு நாள் பயணத்தில் ஒரு நாளுக்கு நீர் ஒன்றுமே போடவில்லை. அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஆத்தைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. உமக்கு ஏலாதோ?"

ரிக்கற் எடுத்து, லீவும் எழுதிக் கொடுத்த பிறகு பாரிசிலிருந்து இதே மச்சாள் போன் எடுத்தாள். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்திய வீடு, மே மாதம், அதே கிழமை. வேறு நாளில் மண்டபம் இல்லையாம். தகப்பனின் தமக்கை, மாமி முறை, ஆலாத்தி எடுக்க நான் நிற்காவிட்டால் சனம் என்ன சொல்லும் என்று கேட்டாள். நானும் அதையேதான் யோசித்தேன். அடுத்த நாள் உமக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அரை மணித்தியாலம் கரட் வெட்டினேன். நீரே கேட்டு அறிந்துகொண்டீர்.

"போயிட்டு வாரும். மாமி இல்லாமல் எப்பிடிச் செய்யிறது? நாங்கள் வாற வருஷம் போவம்."

ஒரு கடிந்த சொல் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். நான் பாரிசுக்குப் போய்ப் பட்டுச்சேலையோடு படத்துக்கு நின்றேன். அந்த வருஷம் குளிர் தொடங்கும் காலத்தில் உமக்குப் பெரிய வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் பிடிபட்டது. அடுத்த மே மாதத்துக்கு நீர் இருக்கவில்லை. ஆலாத்தித் தட்டை அன்றைக்கு வேறொருத்தியும் தூக்கியிருப்பாள், குடியொன்றும் முழுகியிருக்காது. இதை எத்தனை பஸ் பயணத்தில் எனக்குள் சொல்லியாகிவிட்டது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன்.

இந்த முறை உமது திட்டத்தை அப்படியே எடுத்து எனக்கு மட்டும் ஒரு ரிக்கற் போட்டேன். முழங்கால் நோகிறது. மொழி தெரியாது. தனியாகக் கடையில் சாப்பிட்ட பழக்கமும் இல்லை. போக ஆசையாக இருக்கிறதா என்று கேட்டால், பெரிதாக இல்லை. ஆனால் இன்னொரு தடவை "சரி, வாறன்" என்று சொன்னால் உம்மை இரண்டாம் முறை விட்டுவிட்டுப் போனது போல் இருக்கும். அதைத் தாங்க எனக்குப் பலமில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"சனிக்கிழமை எனக்கு வர ஏலாது. போர்த்துக்கல் போறன்."

"போர்த்துக்கலோ? அங்க ஆருக்கு என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்டும் இல்லை."

பிறகு கேட்டாள். "அப்ப அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன்.

நீர் இல்லை என்பதை அதுவரை நான் வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை.