சுரைப் பிஞ்சை அளந்த நூல்

ஆவணி, வியாழன் இரவு.

சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

மொட்டைமாடியில் அச்சாபீஸில் வாங்கிய பழைய பலகைகளை அடித்து, ஆனைக்குட்டம் அணை வண்டல் நிரப்பிய நாலடிப் பாத்தி. அதில் சுரைக்கொடி விட்ட பதினோரு பிஞ்சும் வெம்பி உதிர்ந்துவிட்டன. "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒண்ணாச்சும் நிக்கலைன்னா பாத்தியப் பிரிச்சிருங்க. எனக்கு வத்தல் காயப்போட எடம் வேணும்" என்று கமலா சொல்லிவிட்டாள். மனைவியை மறுத்துப் பேச எனக்கு என்றுமே வந்ததில்லை.

தேனீ வராததால் தினமும் காலை ஆறு மணிக்கு நானே பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைத்தேன். திங்களன்று பக்கத்து மாடி பாத்திமா பார்த்துச் சிரித்துவிட்டார். "வாடுன பூவுக்கு என்ன வைத்தியம் பாக்கீக சார்? சுரைப்பூ பொழுது சாயத்தான விரியும்!"

முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். காதெல்லாம் சுட்டது. அன்று மாலையே புதுப் பூ ஒன்றுக்குத் தொட்டு வைத்தேன். அதன் அடியிலிருந்த பிஞ்சை நூலால் சுற்றி அளந்து, நூலில் மையால் குறியிட்டேன்.

இன்று அதே நூலைச் சுற்றினால் குறி அரை விரல் எட்டவில்லை, பிஞ்சு பருத்திருக்கிறது! தப்பாக அளந்தேனோ என்று மூன்று முறை அளந்தேன். கமலா மேலே வந்து, நூலைப் பிடுங்கித் தானும் அளந்தாள்.

சாப்பிடும்போது கேட்டாள்: "ஏங்க, எலி கடிச்சிராது? என் பழைய சேலையச் சுத்தி வைங்க."

வத்தல் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சேலையைச் சுற்றிவிட்டு வந்தேன். இறுக்கிவிட்டேனோ? ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.