உள்ளே டீச்சர், வெளியே பெரியம்மா

ஜூன் 14

என் தங்கச்சிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதியோர் இல்லத்தில் ஊரார் அப்பா அம்மாவுக்கெல்லாம் ஊட்டிவிடப் போயிருக்கிறவள் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடு. இங்கே நானும் உன் பொம்மியும் சௌக்கியம்.

மூன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஒன்றே ஒன்றுதான், அதற்கு டீச்சர் நான்தான். உன் மகளுக்குத் தப்பிக்க வழியில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, டீச்சர் வீட்டுப் பிள்ளைன்னு சலுகை மட்டும் குடுத்துடாதே, மத்த பிள்ளைங்க ஒதுக்கிடுவாங்க" என்றாயே, அதை மறக்கவில்லை. அவளை உட்கார வைத்துப் பேசி ஒரு சட்டம் போட்டுவிட்டேன். பள்ளி கேட்டுக்கு உள்ளே நான் டீச்சர், வெளியே பெரியம்மா. பள்ளி விஷயம் வீட்டுக்கு வராது, வீட்டு விஷயம் பள்ளிக்குப் போகாது. போவதும் வருவதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு, என்னோடு அல்ல.

முதல் வாரம் வகுப்பில் வாய்தவறி "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "இங்க யாரு உனக்குப் பெரியம்மா?" என்று கேட்டேன். முகம் சிவந்துபோயிற்று. அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. கெட்டிக்காரி, உன்னைப் போல இல்லை.

என் வகுப்பை நீ பார்த்ததில்லையே. ஒரு மூலையில் பாய் விரித்து இரண்டு தலையணை போட்டு 'அமைதி மூலை' என்று வைத்திருக்கிறேன். கோபமோ அழுகையோ வந்தால் பிள்ளைகள் தாங்களாகவே போய் உட்கார்ந்து, மனம் ஆறியதும் எழுந்து வருவார்கள். திங்கள்கிழமைதோறும் நற்பழக்க வகுப்பு. பொய் சொல்ல மாட்டோம், கோள் சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். சின்னச் சண்டைகளை என்னிடம் கொண்டுவராமல் தீர்த்துவைக்க ஒரு லீடர் இருக்கிறாள். உயரமான பெண், பொறுப்பென்றால் அப்படியொரு பொறுப்பு. நீ கவலையில்லாமல் இரு.

உன் அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். இங்கே வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. நீ மட்டும் இல்லையென்றால், அவர் போன பிறகு நானும் பொம்மியும் என்ன ஆகியிருப்போமோ.

ஆனாலும் ஒன்று எழுத வேண்டும். போனில் பேச முடியவில்லை, அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "கதவ வெளியிலேர்ந்து தாழ் போட்டா உள்ளேர்ந்து தொறக்க முடியுமாம்மா?" என்று கேட்டாள். இங்கே ஞாபகம் தப்பிய பெரியவர்கள் வெளியே போய்விடாமல் இரவில் தாழ் போடுவோம், அதை ஒருநாள் சொல்லியிருந்தேன். அதைத்தான் கேட்கிறாளென்று, "முடியாதுடா, ஆனா அவங்க கூப்பிட்டா நான் ஓடிப் போய்த் தொறப்பேன்" என்றேன். அதற்கு, "உன் பேரு அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

அது என்ன கேள்வி அக்கா? அன்றிலிருந்து எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. என்னைப் பயந்தாங்கொள்ளி என்பாய், சொல்லிக்கொள். அவளைக் கொஞ்சம் கவனித்துப் பார்.

உன் தங்கை

ஆகஸ்ட் 4

பயந்தாங்கொள்ளிக்கு,

நீயே கேட்டு வாங்கிக்கொண்ட பட்டம், அதனால் கோபித்துக்கொள்ளாதே. எட்டு வயதுப் பிள்ளைகள் கேட்காத கேள்வியா? நேற்று ஒருத்தன், மீனுக்குத் தாகம் எடுக்குமா என்று கேட்டான்.

இருந்தாலும் நீ சொன்னாயே என்று கவனித்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், பதறாதே. குளிக்கும்போது கதவைச் சாத்த விடுவதில்லை. படுக்கை நனைகிறது, ஒருநாள் இல்லை, அடிக்கடி. விளையாட்டுப் பீரியடு இருக்கிற நாளில் காலையிலேயே வயிற்றுவலி என்கிறாள்.

வீட்டில் தலைவாரும்போது, "விளையாட்டுப் பீரியடுல என்னடா நடக்குது?" என்று கேட்டேன். "அது ஸ்கூல் விஷயம் பெரியம்மா" என்றாள். பார்த்தாயா, எவ்வளவு கட்டுப்பாடு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் பள்ளியில் தனியாக அழைத்து, "ராத்திரியில ஏன் படுக்கை நனையுது, எதையாவது நினைச்சுப் பயப்படறியா?" என்று கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு, "அது வீட்டு விஷயம் டீச்சர்" என்றாள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு என்னவோ செய்தது. எதற்கென்று விளங்கவில்லை. உன் பயம் தபாலில் வந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. நீ இல்லாத ஏக்கம்தான், வேறொன்றும் இருக்காது. சரியாகிவிடும்.

அக்கா

ஆகஸ்ட் 13

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. படித்த கையோடு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவள் எங்கே போய்ச் சொல்வாள் அக்கா? பள்ளியில் சொல்லலாமென்றால் நீ டீச்சர், கோள் சொல்லக்கூடாது என்று நீயே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். வீட்டில் சொல்லலாமென்றால் பள்ளிப் பேச்சு கூடாது. என்னிடம் சொல்ல வந்தாள், நான் முதியோர் இல்லத்துக் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஏதோ நடக்கிறது. கதவு, தாழ், விளையாட்டுப் பீரியடு. எனக்கு என்னென்னவோ தோன்றுகிறது, அதையெல்லாம் எழுதவே பயமாயிருக்கிறது.

உன் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போடு. இந்தக் கடிதம் கிடைத்த உடனே அவளை மடியில் போட்டுக்கொண்டு கேள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கை

ஆகஸ்ட் 19

தங்கச்சிக்கு,

முதலில் இதைப் படி. பொம்மி பத்திரமாக இருக்கிறாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. என் பக்கத்தில் தூங்குகிறாள்.

உன் கடிதம் இன்று காலைதான் என் கைக்கு வந்தது. போன வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் என்று நினைக்கிறேன், நினைத்து என்ன செய்ய.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு விளையாட்டு. மணி அடித்து எல்லோரும் போனார்கள். எனக்கு டீச்சர்கள் கூட்டம் இருந்தது. முடிந்ததும் கணக்கு டீச்சரோடு வராந்தாவில் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தால் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, வாசலில் அவள் செருப்பு இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டேன். "மணி அடிச்சப்ப அவளைக் காணோம், நீங்கதான் கூட்டிட்டு வருவீங்கன்னு நினைச்சோம் டீச்சர்" என்றார்கள். நான் அவர்களோடு வந்திருப்பாள் என்று நினைத்தேன், அவர்கள் என்னோடு வருவாள் என்று நினைத்தார்கள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வாட்ச்மேன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வகுப்பில் அவள் பை மட்டும் இருந்தது. பேர் சொல்லிக் கத்தினேன், பதில் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் உயிரோடு இல்லை.

விளையாட்டுச் சாமான் போடும் அறைக்கு வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்தேன். இருட்டு. கயிறுகளுக்கும் சுருட்டிவைத்த பாய்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. வகுப்புக்குள் டீச்சர் வந்தால் எழுந்து நிற்பார்களே, அப்படி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாரித் தூக்கிக்கொண்டு, "ஏன்டா கூப்பிடல, ஏன் கத்தல?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க கணக்கு டீச்சர்கூடச் சிரிச்சுக்கிட்டுப் போனது கேட்டுச்சு. டீச்சர்னு கூப்பிடணுமா பெரியம்மான்னு கூப்பிடணுமான்னு தெரியல. ஸ்கூல் விட்டாச்சு, ஆனா இன்னும் கேட்டுக்குள்ளதானே இருக்கோம். யோசிச்சுக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள நீங்க போயிட்டீங்க."

அதற்குப் பிறகு கத்தினேனே, அது அவளுக்குக் கேட்கவில்லையாம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

தாழ் போட்டது லீடர். பொம்மி கூட்டாளியோடு பேசிக்கொண்டிருந்தாளென்று உள்ளே விட்டிருக்கிறாள். மணி அடித்ததும் லீடரை அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போக, பொம்மியை மறந்துவிட்டாள். திங்கட்கிழமை அந்த லீடரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவள் கொஞ்சமும் பயப்படவில்லை. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, சின்னச் சண்டையெல்லாம் நீயே பார்த்துக்கோன்னு. கிளாஸ்ல அமைதி மூலை ஒண்ணுதான் இருக்கு, பத்தல. அதான் அந்த ரூமையும் வச்சுக்கிட்டேன்" என்றாள். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றாள். விசாரித்தால், என் வகுப்பில் அந்த இருட்டுக்குள் போய்வராத பிள்ளைகளே குறைவு. பேசினால் உள்ளே, அழுதால் உள்ளே. ஒன்றுகூட என்னிடம் வந்து சொல்லவில்லை. கோள் சொல்ல மாட்டோம் என்று வாரந்தோறும் என்னிடம் ஒப்பித்தவர்கள்தானே. என் வகுப்பைப் போல அமைதியான வகுப்பு உண்டா என்று தலைமையாசிரியர் எல்லோரிடமும் சொல்வார். எனக்கும் அதில் கர்வம்தான்.

எத்தனை முறை என்று பொம்மியைக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப்போட்டுவிட்டேன். சலுகை காட்டாதே என்று சொன்னவள் நான், உன்னை மட்டும் எப்படித் திட்டுவது?

வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் வாரம் வருகிறேன். எங்காவது ஒரு அறை பார்த்துக்கொண்டு, கிடைத்த வேலையைச் செய்துகொண்டு நானும் அவளும் இருந்துகொள்கிறோம். கஷ்டம்தான். பரவாயில்லை.

நீ அவளை அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. இருட்டுக்குள் இருந்துகொண்டு, உன் குரல் கேட்டும், உன்னைக் கூப்பிடலாமா என்று என் பிள்ளை யோசித்திருக்கிறாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவளை உன்னிடம் விட்டுவைக்க எனக்குப் பயமாயிருக்கிறது அக்கா. உனக்கு இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

வரும்வரை பத்திரமாகப் பார்த்துக்கொள்.

தங்கை

செப்டம்பர் 5

தங்கச்சிக்கு,

வா. வந்து கூட்டிக்கொண்டு போ. நீ கிளம்புவதற்குள் இது கிடைக்குமோ என்னவோ, எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த அறைத் தாழைக் கழற்றிவிட்டோம். லீடர் என்று இனி யாரும் கிடையாது. அந்தப் பெண் இப்போது பள்ளிக்கு வர மாட்டேன் என்கிறாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளைக் கெடுத்ததும் நான்தான் என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். நாளைக்கும் போவேன்.

நற்பழக்க வகுப்பில் இப்போது உதவிக்குக் கூப்பிடப் பழகுகிறோம். பயமாயிருந்தால் யார் பேரை வேண்டுமானாலும் சொல்லிக் கத்தலாம், பேர் தெரியாவிட்டால் சும்மாவே கத்தலாம், அது கோள் ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், கூரை பறக்கிற மாதிரி கத்துகிறார்கள். பொம்மி மட்டும் வாயைத் திறக்கிறாள், சத்தம் வருவதில்லை.

எங்கே இருந்தாலும் பெரியம்மா என்றே கூப்பிடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், நாங்கள் நிற்கிற இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறாள். சமையலறையில் நின்றால்கூடப் பார்க்கிறாள். இது அவளை விட்டுப் போகுமா, போகாதா? இத்தனை வருடம் பிள்ளைகளோடு இருந்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம், அம்மா வரப்போகிறாள், இனி நீ அம்மாவோடுதான் இருக்கப்போகிறாய் என்று பொம்மியிடம் சொன்னேன். என்னை விட்டுப் போவதற்குக் கொஞ்சம் அழுவாள் என்று நினைத்திருந்தேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன. அவள் அழவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அம்மா எப்பவும் ஒரே ஆளாத்தானே இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாடா, ஒரே ஆள்தான்" என்றேன்.

எழுந்து போய்த் தன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

அக்கா