குறுந்துறையில் ஓலைப்படகு நிற்க இட்ட ஆணை

மழை பொய்யாது பெய்க. பதினெட்டுத் துறைகளிலும் கலங்கள் குறைவின்றிச் சேர்க. மூதூர் அரண்மனையில் வீற்றிருக்கும் மன்னர் மாவெழிலரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகர் நல்லாதனார், ஆற்றுமண்டலம் காக்கும் தலைவர் மாவண்ணனார்க்கு எழுதி விடுத்த ஓலை. தங்கள் மண்டலத்துக் குடிகளும் கன்றுகாலிகளும் நலமே வாழ்க.

தாங்கள் சென்ற மாதம் விடுத்த ஓலை அரசர் திருமுன் படிக்கப்பட்டது. மடற்சுற்று என்னும் கூட்டத்தார் தம் ஏடுகளை அரச ஓலைப்படகுகளில் ஏற்றித் துறைதோறும் அனுப்புகிறார்கள் என்றும், அவர்கள் பெயரும் ஊரும் மறைத்துப் புனைபெயரில் எழுதுகிறார்கள் என்றும், ஆற்றுக்கரையை அதிகாரிகள் செப்பனிடாமல் விட்டார்கள் என்று அவ்வேடுகளில் குறை கூறப்படுகிறது என்றும், ஆதலால் அம்மூட்டைகளைப் படகில் ஏற்றத் தடைவிதிக்க வேண்டும் என்றும் தாங்கள் வேண்டியிருந்தீர்கள். விடை சொல்லுமுன் அச்சுற்றில் நிகழ்வது யாது என்று அறிந்து வருமாறு அரசர் பணித்தார். அறிந்து வந்ததை, அச்சுற்றில் எழுதும் ஓர் ஓடக்காரியின் வரலாறாகவே இங்கு எழுதலானோம்.

மடற்சுற்றில் சேர்வதற்குக் குலம், பதவி, கல்வி எதுவும் கேட்பதில்லை. எழுதியதை மூட்டையில் கட்டிவிட வேண்டும்; அது துறைக்குத் துறை போகும். படித்தவர்கள் தமக்குத் தோன்றியதைச் சிறு மறுமடலில் எழுதி அதே ஏட்டில் கோத்து அனுப்புவார்கள். மலையூரில் இருப்பவர் கடற்கரையில் இருப்பவரை முகம் பாராமலே ஆண்டுக்கணக்காக வாசித்து வருகிறார்.

குறுந்துறையில் ஓடம் தள்ளும் வேம்பி என்பவள் 'அக்கரையாள்' என்ற பெயரில் அதில் எழுதுகிறாள். சரக்கு மூட்டைகளின் மேல் வணிகர் எழுதும் ஊர்ப்பெயர்களைப் பார்த்துப் பார்த்தே எழுத்தறிந்தவள். றகர ரகரம் அவளுக்கு இன்றும் தடுமாறும். முதலில் மீன்களைப் பற்றியும், ஓடத்தில் ஏறியவர்கள் பேசும் பேச்சைப் பற்றியும் இரண்டிரண்டு ஏடாக எழுதினாள். உப்பூரிலிருந்து 'கல்லுப்பு' என்ற பெயரில் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் மறுமடல் எழுதினார். மலையூரிலிருந்து ஒருவர் எழுத்துப்பிழைகளை ஓரத்தில் புள்ளியிட்டுக் காட்டினார். அவளுடைய சொல் ஒன்றையும் அவர் மாற்றவில்லை.

பின்னர் அவள் முந்தைய ஐப்பசி வெள்ளத்தைப் பற்றி எழுதினாள். கரை உடைந்த அன்று நான்கு முறை ஓடம் செலுத்தி முப்பத்தொரு பேரைக் கரைசேர்த்தவள் அவள் என்பது தாங்களும் அறிந்ததே. ஊரார் அதைச் சொல்லிப் புகழும்போதெல்லாம் அவள் எழுந்து போய்விடுவாளாம். அந்த ஏடுகளுக்குக் கல்லுப்பு எழுதிய மறுமடல் இது:

"நாலு தடவ போனது கண்ணுல நிக்குது. அஞ்சாவது தடவ ஏன் போகல? அந்த எடத்துல உங்க எழுத்து ஓடி ஒளியுது."

வேம்பி அம்மடலைப் படித்துவிட்டு மூட்டையைக் கட்டி அனுப்பினாள். அடுத்த இரண்டு சுற்றிலும் அவள் எழுதவில்லை. மூன்றாம் சுற்றில் பதப்படுத்திய வெற்றேடுகள் ஒரு கட்டும் புது எழுத்தாணி ஒன்றும் அவள் பெயருக்கு வந்தன. கூடவே கல்லுப்பின் கையெழுத்தில் ஒரு மடலும் இருந்தது. "கேட்டது தப்புன்னா மன்னிச்சுக்குங்க. எழுதினா படிக்கிறோம். எழுதலன்னாலும் நீங்க எங்க ஆளுதான்" என்று அதில் கண்டிருந்தது.

அவள் ஓடத்தில் அமர்ந்து புது எழுத்தாணியைத் தீட்டினாள். பிறகு எழுதினாள்.

ஐந்தாம் முறை அவள் போகவில்லை. நெசவாளி சேந்தன் தன் கூரைமேல் நின்றுகொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். துடுப்பு பிளந்திருந்தது, உள்ளங்கை தோலுரிந்திருந்தது. ஆயினும் போயிருக்கலாம் என்றே அவள் எழுதினாள். அச்சத்தால் கரையில் உட்கார்ந்துவிட்டாள். கூரை சரிந்தது. சேந்தன் மனைவி அலரியிடம் வேம்பி, தான் பார்க்குமுன்னரே வெள்ளம் வீட்டைக் கொண்டுபோய்விட்டது என்று சொல்லியிருந்தாள். அந்த அலரி வாரந்தோறும் சந்தைக்கு அவள் ஓடத்தில்தான் போய்வருவாள்.

அடுத்த துறையில் மூட்டையைப் பிரித்தவர் இதைப் படித்ததும் மேலே அனுப்பவில்லை. அவர் குறுந்துறைக்கு ஆளனுப்பி, "இத ஊரு படிக்கிறதுக்கு முன்னால அந்தம்மா உங்க வாயால கேக்கணும். சொல்லுங்க, அதுவரைக்கும் நான் வெச்சிருக்கேன்" என்று சொல்லச் செய்தார். சொன்னபடியே அந்த ஒரு கட்டினை மட்டும் எடுத்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

அவ்வாரம் அலரி மட்டும் ஓடத்தில் இருந்த பொழுதில், நட்டாற்றில் துடுப்பை நிறுத்திவிட்டு வேம்பி எல்லாவற்றையும் சொன்னாள். அலரி அழவில்லை; ஏசவுமில்லை. "கரைக்கு ஓட்டு" என்றாள், அவ்வளவே. அதன்பின் நாற்பது நாள் அவள் அந்த ஓடத்தில் கால் வைக்கவில்லை. மேற்கே அணைக்கட்டு வரை நடந்து, சுற்றி, சந்தைக்குப் போய்வந்தாள். வெயிலில் கூடையோடு அவள் நடப்பதை வேம்பி சந்தைநாள்தோறும் ஆற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் அலரி வந்து ஓடத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு கடைசியா என்னடி சொன்னாரு?"

"என் பேரத்தான் கூப்பிட்டாரு அக்கா. வேற ஒண்ணுஞ் சொல்லல."

"எப்படிக் கூப்பிட்டாரு?"

வேம்பி கூப்பிட்டுக் காட்டினாள். அலரி கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு, "அத அப்படியே எழுது. அவரு குரலு எங்கயாச்சும் இருக்கட்டும்" என்றாள்.

அதையும் சேர்த்து எழுதிய பிறகே அக்கட்டு சுற்றுக்குப் போயிற்று. வசந்த அவையில் அரங்கேற்ற நூல்கள் வேண்டும் என்று அரசர் முரசறைந்தபோது, சுற்றிலுள்ள எழுபது பேரும் தத்தம் எழுத்தை அனுப்பாமல் அவளுடையதையே ஒருமனதாக அனுப்பினார்கள். எழுதுவோர் இயல்பை அறிந்த நாம் இதை மிகவும் வியந்தோம். அவள் மூதூர் சென்றிருந்த நாளில் துறையில் ஓடம் தள்ளவும் சுற்றிலிருந்தே இருவர் வந்து நின்றார்கள்.

யாப்பில்லை, பிழை மலிந்தது, மன்னரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று அவைப்புலவர் தலைவர் தடுத்துரைத்தார். உள்ளபடி படிக்கட்டும் என்றார் அரசர். வேம்பி நான்கு முறை ஓடம் போனது வரை படித்தாள். ஐந்தாம் முறை வந்ததும் ஏட்டைத் தாழ்த்திவிட்டாள். அப்போது கூட்டத்திலிருந்து ஒல்லியான இளம்பெண் ஒருத்தி எழுந்துவந்து, "நான்தான் கல்லுப்பு. குடுங்க, நான் படிக்கறேன்" என்று ஏட்டை வாங்கினாள். கல்லுப்பு என்றால் மீசை நரைத்த கிழவர் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்த வேம்பி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

படித்து முடிந்ததும் முதலில் எழுந்தவர் தடுத்த புலவர்தாம். அதே வெள்ளத்தைத் தாம் நூறு பாட்டில் பாடியதாகவும், அவற்றில் ஒருவருக்கும் கால்கூட நனையவில்லை என்பதை இன்று உணர்ந்ததாகவும் அவர் அவையறியக் கூறினார். அவர் பெருமையும் அன்று வளர்ந்ததென்றே கருதுகிறோம்.

வேண்டுவது யாது என்று அரசர் வினவ, வேம்பி சொன்னதை அவள் சொல்லாலேயே வரைகிறோம்: "ஓலைப்படகு பெரிய துறையில மட்டுந்தாங்க நிக்குது. மூட்டைய வாங்க நாலு நாழிக வழி நடக்கோணும். என்னாட்டம் சின்னத் துறையில எத்தினி பேரு எழுத ஆசப்பட்டு சும்மா இருக்காங்களோ. நம்ம துறையில எல்லாம் அது நின்னாப் போதுங்க."

ஆதலால் அரசர் ஆணையாவது: மடற்சுற்றின் மூட்டைக்குத் தடை இல்லை. அரசப் படகுகள் இனிச் சிறுதுறை அனைத்திலும் நின்று மூட்டை இறக்கி ஏற்றுக. வெற்றேடு கிடைக்காதவர்க்குப் பண்டசாலையிலிருந்து கொடுக்க. ஆண்டுதோறும் வசந்த அவையில் சுற்றினர் தேர்ந்தனுப்பும் மூவர்க்கு இருக்கை இடுக. யாரை அனுப்புவது என்பதில் அரண்மனை தலையிடாது. புனைபெயருக்குள் இருப்பவர் யார் என்று எந்த அதிகாரியும் வினவற்க. ஆற்றுக்கரை பற்றிய குறையைத் தாங்கள் நேரில் பார்த்துச் செப்பனிடுக. குறை தவறென்று கண்டால், எல்லாரையும்போல மறுமடல் எழுதிக் கோத்து அனுப்புக.

ஒரு செய்தி எஞ்சியுள்ளது. வேம்பியின் நூலைப் படியெடுத்து ஏற்றிய முதற்படகு இவ்வோலைக்கு முன்னரே புறப்பட்டுக் குறுந்துறையில் நின்றது. வேம்பி அப்போது ஆற்றின் நடுவில் இருந்தமையால் கரையிலிருந்த அலரி மூட்டையை வாங்கினாள். தனக்கு எழுத்துத் தெரியாதென்றும், தன் கணவன் கூப்பிட்ட இடத்தை மட்டும் படித்துக்காட்ட வேண்டுமென்றும் படகோட்டியைக் கேட்டாள். அவன் கரையில் இறங்கி அமர்ந்து படித்தான். அவள் மீண்டும் படிக்கச் சொன்னாள், மீண்டும் படித்தான். அதனால் அப்படகு தங்கள் தலைநகரை அடைய அரை நாழிகை பிந்தியது.

பிந்தியதற்காக அப்படகோட்டியை யாரும் ஒரு சொல்லும் சொல்லற்க. இது அரசர் தம் கையால் சேர்த்த வரி.

இப்படிக்கு அரசர் முத்திரையும் ஓலைநாயகர் நல்லாதனார் எழுத்தும். ஆணை நிற்க.