குளியலறையில் கேட்டது நாடக வசனம்

என்னங்க,

நாடக ஒத்திகைக்குப் போகிறேன். நேற்று குளியலறைக்குள், "இனிமே எதுக்கும் உங்ககிட்ட அனுமதி கேக்க மாட்டேன், நான் போறேன்" என்று சொன்னது உங்களிடம் அல்ல. நாங்கள் போடும் பழைய நாடகத்தில் மனைவி பேசும் வசனம் அது. நான்தான் அந்த மனைவி. வேடம் கிடைத்த அன்றே சொன்னேன். நீங்கள் பேப்பருக்குள்ளிருந்து 'ம்' கொட்டினீர்கள்.

கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பஞ்சாயத்துப் பேச உங்கள் அக்காவை வரச் சொல்லியிருக்கிறீர்கள். சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. அடுப்பு சமையலறையில் இருக்கிறது.

காலையில், "நடிப்பெல்லாம் நமக்கு எதுக்கு, போகாதே" என்றீர்கள். நாடகத்துப் புருஷனும் அதையேதான் சொல்கிறான். அவனாக நடிக்கும் பல் டாக்டருக்கு அந்த வரி வாயில் வரவே மாட்டேன் என்கிறது. நீங்கள் மனப்பாடம் செய்யாமலே சொல்லிவிட்டீர்கள்.

அந்த மனைவியின் வசனத்தைச் சொல்லச் சொல்ல எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவள் திரும்பி வருவதில்லை, நான் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். சாவி என்னிடம் இருக்கிறது.

பி.கு. நாடகத்தன்று முன்வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். வந்தால் சந்தோஷப்படுவேன்.

இன்னொன்று. செருப்பு மாட்டும்போது உங்கள் அக்கா போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே, "மாமியார் வேஷத்துக்கு ஆள் கிடைச்சாச்சா?" என்றார். நேராக ஒத்திகைக்கு வருகிறார். அவர் வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வரச் சொன்னேன்.