வலப்பக்கத்து இருக்கை

மே 12, ஞாயிறு

தங்கை நஸ்ரினும் அவள் கணவர் ரபீக்கும் துபாயை விட்டு ஒரேயடியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டார்கள், காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு. இடப்பக்கம் ஸ்டியரிங் என்பதால் இங்கே பதிவு செய்ய முடியாதாம். சில மாதத்தில் திருப்பி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இன்று என் கணவரும் சேர நாலு பேரும் அதில் வெள்ளிமலை போனோம். முன்னால் பஸ் போனால், இடப்பக்கம் இருக்கும் ரபீக்குக்கு எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்த நஸ்ரின்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"போலாமா?"

"இருங்க, லாரி வருது. ம், இப்ப போங்க."

அவள் சொன்ன உடனே அழுத்துவார். பன்னிரண்டாவதைத் தாண்டாதவள். அந்தப் 'போலாமா'வைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறெரிந்தது. என் கணவர் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

திரும்பும்போது, "நீ முன்னாடி குந்துக்கா, மலை நல்லா தெரியும்" என்றாள். உட்கார்ந்தேன். அடிவாரத்தில் ஒரு பஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"போலாமாக்கா?" என்றார் ரபீக்.

நன்றாகப் பார்த்துவிட்டு, "போங்க" என்றேன்.

"இரு இரு, அவளுக்கு இன்னா தெரியும்?" பின்சீட்டிலிருந்து என் கணவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "ஆங், இப்ப போ."

அப்புறம்தான் ரபீக் அழுத்தினார்.

"இன்னா மச்சான், எங்கக்கா எம்.ஏ. ஆச்சே!" என்று நஸ்ரின் என் கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் சொன்னபோதே சாலை காலியாகத்தான் இருந்தது. வீடு வரும்வரை ரபீக் பின்சீட்டைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.